காப்பதற்கு ஏதுமற்ற எண்

அந்தரங்கக் காப்புத் துறை தொடங்கப்பட்டபோது அதற்குக் கட்டடம் இருந்தது, முத்திரை இருந்தது, மூன்று மாடியிலும் இரும்புக் கதவு போட்ட அறைகள் இருந்தன. குடிமக்களின் அந்தரங்கம் களவு போகாமல் காப்பதே இத்துறையின் தலையாய கடமை என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். குறை என்று சொன்னால் ஒன்றுதான். காப்பதற்கு அந்தரங்கம் எதுவும் வந்து சேரவில்லை.

துறை ஓர் ஆய்வு நடத்தியது. ஊழியர்கள் தெருத்தெருவாகப் போய், "உங்கள் கைபேசியில் நீங்கள் பேசுவதை வேறு யாராவது கேட்டால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கேட்டா கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு மறைக்க என்ன இருக்கு?" பத்தாவது ஆள் போனில் பேசிக்கொண்டிருந்ததால் கேள்வி அவர் காதில் விழவில்லை.

இந்தப் பதில் மேலிடத்துக்குக் கவலை அளித்தது. மறைக்க ஒன்றுமில்லாத மக்களுக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்று யாராவது கேட்டுவிடக்கூடும். எனவே சுற்றறிக்கை ஒன்று வெளியாயிற்று. அதன் சாரம் இது: தொலைபேசி எண் என்பது ஒருவருடைய அந்தரங்கத்தைச் சுமக்கும் பாத்திரம். அந்தரங்கமே இல்லாதவர் வெறும் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருப்பது பொதுவளத்தை வீணடிப்பதாகும். ஆகவே எண் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம்மிடம் குறைந்தது ஒரு ரகசியமாவது உண்டு என்று மாத முடிவுக்குள் துறைக்கு மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் அந்த எண் 'காப்பதற்கு ஏதுமற்ற எண்' என வகைப்படுத்தப்பட்டுத் துண்டிக்கப்படும். வீட்டுக்கு ஓர் எண் என்ற பழைய விதி அப்படியே தொடரும்.

மக்கள் இதை வரவேற்றார்கள். "இப்பவாவது நம்ம ஜனங்களுக்கு பிரைவசின்னா என்னன்னு புரியட்டும்" என்று பேருந்தில் ஒருவர் ஒலிபெருக்கியைப் போட்டு நண்பரிடம் பேசினார். பேருந்து முழுவதும் கேட்டு ஆமோதித்தது.

இந்தச் சுற்றறிக்கையால் சங்கடப்பட்டவர் ஒரு சலூன்காரர்.

கடைத்தெருவின் கோடியில் அவர் சலூன். இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. தொழிலில் சுத்தமானவர். கிருதா இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்த பிறகுதான் துணியை உதறுவார். ஆனால் வாய் மட்டும் நிற்காது. மனதில் தோன்றியது அடுத்த வெட்டு விழுவதற்குள் வெளியே வந்துவிடும். மாமனார் வீட்டில் பட்ட அவமானம், பல்லில் வந்த குடைச்சல், முந்தின இரவு கண்ட கனவு, எல்லாம் முடியோடு சேர்ந்து தரையில் விழும். வாடிக்கையாளர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

அவருக்கு ஒரே மகள். தூரத்து நகரத்தில் வேலை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு. அன்று சலூனில் கூட்டம் இருக்கும், கை ஓயாது. அதனால் போனைச் சீப்பு வைக்கும் குவளைக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சாயந்தரம் ஏதாவது பழம் வாங்கிச் சாப்பிடும்மா, இளைச்சிடாத" என்பார் நாற்காலியில் இருக்கும் மாவுமில்காரர்.

"சரி மாமா."

"முடி கொட்டுதுன்னியே, நின்னுச்சா?" என்பார் பெஞ்சில் இருக்கும் பஸ் டிரைவர்.

"நின்னுடுச்சு அண்ணா."

பிறகு வேலை நன்றாகப் போகிறது என்பாள். நன்றாகத் தூங்குகிறேன் என்பாள். வைத்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவள் அதிகம் பேசாத பெண். பள்ளிக்கூடத்தில் நடந்த எதையாவது காலையில் அப்பாவிடம் சொன்னால் மாலையில் அதைப் பழக்கடைக்காரர் விசாரிப்பார். அதனால் அவள் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். சலூன்காரருக்கு இது தெரியாது. தன் மகள் அமைதியானவள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியோ அந்த ஐந்து நிமிடப் பேச்சில்தான் அவருக்கு வாரம் முழுவதும் ஓடியது. அந்த எண் போய்விட்டால் அது போய்விடும்.

"பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடச் சொல்லலாமே" என்றார் மாவுமில்காரர்.

"அந்தம்மா கேட்டுட்டு இருப்பாங்களே" என்றார் சலூன்காரர்.

"ஆமா, அது சரியில்ல" என்று பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

துறை அலுவலகத்துக்கு அவர் முதல் வாரத்திலேயே போனார். ரகசியத்தைச் சொல்லும் சாளரத்தில், அந்தரங்கம் கருதித் தடிமனான கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடி தடிமனாக இருந்ததால் உள்ளே பேச்சு கேட்கவில்லை. எனவே மைக் வைத்திருந்தார்கள். மைக்கின் ஒலிபெருக்கிக் குழாய் கூடத்தின் நான்கு மூலையிலும் இருந்தது. இவருக்கு முன்னால் நின்ற பெண்மணி, "என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது" என்றார். நான்கு மூலையிலிருந்தும் அது ஒலித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்து வெளியே போனார். "ஏற்கப்பட்டது. அடுத்து" என்றார் அதிகாரி.

சலூன்காரர் மைக்கின் முன்னால் நின்றார்.

"சொல்லுங்க, உங்க ரகசியம் என்ன?"

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல சார்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க. மனைவிக்குத் தெரியாம ஏதாவது?"

"நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிடும் சார்."

"அக்கம்பக்கத்துக்குத் தெரியாம?"

"அவங்களுக்குச் சொல்றதே நான்தான்."

"உடம்புக்கு ஏதாவது?"

"மூலம் இருக்கு சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "நல்லது. இது யாருக்காவது தெரியுமா?"

கூடத்தில் ஏழெட்டுக் கை உயர்ந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"சார், அடுத்தவங்க ரகசியம் நிறைய இருக்கு. அதுல ஒண்ணை வெச்சுக்கலாமா? இப்ப உங்க துணை இயக்குநர் தலைக்கு..."

அதிகாரி சட்டென்று மைக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியோடு காதை ஒட்டிவைத்து, என்ன என்று சைகையில் கேட்டார். சலூன்காரர் சொன்னார். கண்ணாடி தடிமனானது என்பது அப்போது நிரூபணமாயிற்று. அதிகாரி வருத்தத்துடன் மைக்கைப் போட்டு, "பிறர் ரகசியம் உங்கள் பெயரில் செல்லாது. சொந்தமாக ஒன்று ஏற்பாடு செய்துகொண்டு வரவும்" என்று அலுவல் தமிழில் சொன்னார்.

அதற்குள் கடைத்தெருவில் ரகசியம் நாகரிகமாகிவிட்டது. ரகசியம் ஏற்கப்பட்டவர்களுக்குத் துறை ஒரு பேட்ஜ் கொடுத்தது. 'என்னிடம் ஒரு ரகசியம் உண்டு' என்று அதில் எழுதியிருக்கும். அதைச் சட்டையில் குத்தி, படம் எடுத்து, பார்த்தவர் பாராதவர் எல்லோருக்கும் அனுப்பினார்கள். அதை வெளியே தெரியும்படி குத்திக்கொள்ள, பெண்களுக்கான கைப்பையில் தனிப் பட்டையே வந்தது. போன் கேமராவை மூடும் ஒட்டுத்தாள் வண்ண வண்ணமாக விற்றது. வாங்கியவர்கள் அதைக் கண்ணாடியில் படம் எடுக்க முயன்று, முடியாமல் உரித்துவிட்டு எடுத்தார்கள்.

சலூனில் பேச்செல்லாம் இதுதான்.

"வீட்டுல செருப்பு பிஞ்சுபோச்சுன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அடுத்த நிமிஷம் போன்ல செருப்பு விளம்பரம் வருது" என்றார் பல் டாக்டர். "நம்ம பேச்சை ஒட்டுக் கேக்கறானுங்க. பெரிய அநியாயம்."

"அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"வாங்கிட்டேன். விலை குறைச்சல்."

சொந்தமாக ரகசியம் இல்லாதவர்களுக்காக ஆயத்த ரகசியம் விற்கும் கடைகளும் வந்துவிட்டன. சலூன்காரர் அப்படி ஒரு கடைக்குப் போனார். விற்பனையாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"என்ன மாதிரி பாக்கறீங்க அண்ணே? குடும்ப ரகசியமா, தொழில் ரகசியமா? இளமைக் காலத்து ரகசியம்னு புதுசா வந்திருக்கு, உங்க வயசுக்காரங்க விரும்பி வாங்கறாங்க."

"வீட்டுல சண்டை வராத மாதிரி ஒண்ணு குடு தம்பி."

"அப்ப இது பாருங்க. 'எனக்கு நன்றாகப் பாடத் தெரியும்.' நல்லா போகுது."

"எனக்குப் பாடத் தெரியாதே."

"அதனாலதான் அண்ணே இத்தனை நாள் யாருக்கும் தெரியல."

சலூன்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. ரகசியம் போனில்தான் வந்து இறங்கும் என்றார்கள். இறங்குவதற்கு முன், போனில் உள்ள எல்லா எண்களையும் பார்க்கலாமா, கேமராவைப் பயன்படுத்தலாமா, பேசுவதைக் கேட்கலாமா, எங்கே இருக்கிறீர்கள் என்று அறியலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. எல்லோரையும் போல் அவரும் படிக்காமல் சம்மதம் சம்மதம் என்று அழுத்திக்கொண்டே போனார். ரகசியம் வந்து சேர்ந்தது.

சலூனுக்குத் திரும்பி, முதல் ஆளுக்குக் கழுத்தில் துணி கட்டினார். ஒரு பக்கம் முடிவதற்குள், "யார்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்கு நல்லா பாடத் தெரியும்னு ஒரு ரகசியம் வாங்கியிருக்கேன்" என்றார். சாயந்தரத்துக்குள் கடைத்தெருவே அவரைப் பாடச் சொன்னது. பாடினார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கள ஆய்வாளர் வந்தார். ரகசியம் உண்மையிலேயே ரகசியமா என்று சரிபார்க்க அவர் கையாளும் முறை எளிமையானது. அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் அதைச் சொல்லி, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்பார். தெரியாது என்றால் ரகசியம் உறுதியாகும். கேட்ட பிறகு அவர்களுக்குத் தெரிந்துவிடுவதால் அது செலவழிந்துவிடும். ஆகவே அடுத்த ஆண்டுக்கு வேறு ரகசியம் காட்ட வேண்டும். இதில் யாரும் குறை கண்டதில்லை.

"இந்தச் சலூன்காரருக்கு நன்றாகப் பாடத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியுமா?"

"பாடுவார்னு தெரியும்" என்றார் மாவுமில்காரர். "நல்லாவா பாடுவார்?"

பழக்கடைக்காரரும் தெரியும் என்றார். மூன்றாவதாகக் கேட்கப்பட்டவர் சலூன்காரரின் மனைவி. "அந்தக் கொடுமையை ஏங்க ஞாபகப்படுத்தறீங்க?" என்றார். ரகசியம் நிராகரிக்கப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதத்தின் கடைசி ஞாயிறு, மகள் கூப்பிட்டபோது சலூன்காரர் பஸ் டிரைவருக்குப் பாதி முகச்சவரம் செய்திருந்தார். எண் துண்டிக்கப்படப் போகிறது என்ற விவரத்தைச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் சொன்னார்கள்.

"அப்பா, அந்த ஸ்பீக்கரை அணைக்கறீங்களா?"

"ஏம்மா, எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

"அணைங்கப்பா."

சலூன்காரருக்கு அதை அணைக்கத் தெரியவில்லை. வாங்கிய நாள் முதல் அவர் அணைத்ததில்லை. எங்கெங்கோ அழுத்தினார். கடைசியில் பல் டாக்டர் எழுந்து வந்து அணைத்துக் கொடுத்தார். சலூன்காரர் சோப்புக் கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனார்.

என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சந்துப் பக்கம் இருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்: அவர் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை தலையாட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மறந்து. பஸ் டிரைவர் முகத்தில் சோப்பு காய்ந்து உதிர்ந்தது.

திரும்பி வந்தார். கத்தியை எடுத்தார்.

"பாப்பா என்ன சொல்லிச்சு?" என்று மாவுமில்காரர் கேட்டார்.

"சாப்பிட்டாளாம்" என்றார் சலூன்காரர்.

மாதத்தின் கடைசி நாளில் அவர் துறை அலுவலகத்துக்குப் போனார். சாளரத்தில் அதே அதிகாரி. கொஞ்சம் இளகிய மனசுக்காரர்தான்.

"ஏதாவது கிடைச்சுதா?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். மைக்கைப் பார்த்தார். கூடத்து நான்கு மூலையையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"இன்னைக்கு விட்டா நாளைக்குக் கிடையாது. உங்க பொண்ணு கூப்பிடறது நின்னுபோயிடும். சின்னதா ஏதாவது சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"தெரியும் சார்."

"அப்ப சொல்லுங்க."

"இல்லன்னே எழுதிக்குங்க."

அவர் படியிறங்குவதற்குள் போன் செத்துப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனைத் துடைத்து, குவளைக்கும் டப்பாவுக்கும் நடுவே வழக்கம்போல் வைத்தார். அது சும்மா இருந்தது. அவரும் சும்மா இருந்தார். எதைச் சொன்னாலும் அதன் வால் பிடித்து இன்னொன்று வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் அவர் பேச்சையே நிறுத்தியிருந்தார். அந்தச் சலூனில் முதன்முறையாகக் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"ம்."

"வீட்டுல ஏதாவது?"

"ம்ஹும்."

வெளியே வந்ததும் ஆளுக்கொரு பக்கம் யோசித்தார்கள். "என்னைப் பத்தி ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் என் மூஞ்சியைப் பாக்கல" என்றார் பல் டாக்டர். தன்னைப் பற்றித்தான் என்றார் மாவுமில்காரர். எனக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று ஆய்வில் சொன்ன அத்தனை பேரும் அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

முதலில் துறைக்குப் போனவர் சலூன்காரரின் மனைவிதான். மைக்கின் முன்னால் நின்று விலாவாரியாகச் சொன்னார்.

"கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் தூக்கத்துலகூட பேசுவார். இப்ப தூக்கத்துலயும் வாயை இறுக்கி மூடிக்கிட்டிருக்கார். எதையோ மறைக்கறார். நீங்க விசாரிக்கணும்."

"எதை மறைக்கிறார்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?"

கூடத்திலிருந்த பல் டாக்டர் எழுந்து, தானும் அதே புகாருக்காகத்தான் வந்திருப்பதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் மாவுமில்காரர், பஸ் டிரைவர், பழக்கடைக்காரர் எல்லோரும் நின்றார்கள்.

விவகாரம் துணை இயக்குநர் வரை போயிற்று. அவர் விதிகளைப் புரட்டிப் பார்த்துத் திகைத்தார். ஊரில் ஏற்கப்பட்ட மற்ற ரகசியங்கள் எல்லாம் மைக்கில் சொல்லப்பட்டு, மூன்று பேரிடம் சரிபார்க்கப்பட்டு, துறைக்கு நன்றாகத் தெரிந்தவை. மனைவிக்குத் தெரியாத, பக்கத்தில் யாருக்கும் தெரியாத, துறைக்கே தெரியாத ரகசியம் என்று பார்த்தால் ஊர் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரருடைய எண்ணைத்தான் துறை துண்டித்திருந்தது.

அன்றே இணைப்பு திரும்பக் கொடுக்கப்பட்டது. அத்தோடு, அந்த ரகசியத்துக்கு முதல் நிலைப் பாதுகாப்பு வழங்கி ஆணை பிறந்தது. ரகசியம் கசிந்தால் உடனே தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனவே சலூன் கண்ணாடிக்கு மேல் அவர் வாயைப் பார்த்து ஒரு கேமரா பொருத்தினார்கள். பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி வைத்தார்கள். வாசலில் ஒரு காவலர் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைத் தானே அணைத்து, சந்துப் பக்கம் நடந்தார். காவலர் பின்தொடரப் போய் நின்றுவிட்டார். ஆணையில் சலூனின் கதவு எண் மட்டும்தான் இருந்தது. சந்துக்குக் கதவு எண் கிடையாது.

"சொல்லும்மா" என்றார் சலூன்காரர். அவ்வளவுதான் காவலர் காதில் விழுந்தது.

அதன் பிறகு அந்தச் சலூனுக்கு வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. முன்வாரம் முடிவெட்டியவர்கள் மறுபடி வந்தார்கள். வெட்ட முடி இல்லாதவர்கள் தலையைத் தடவிக் கொடுத்தால் போதும் என்றார்கள். பேட்ஜ் குத்தியவர்கள், கேமராவுக்கு ஒட்டுத்தாள் போட்டவர்கள், ஒட்டுக் கேட்பது பெரிய அநியாயம் என்றவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அவர் மனைவிகூட, வீட்டில் கிடைக்காதது இங்கே கிடைக்குமோ என்று சாப்பாட்டுத் தூக்கைத் தானே கொண்டுவர ஆரம்பித்தார்.

ஒரு நாள் துணை இயக்குநரே வந்தார். காவலரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். தன் கைக்குட்டையை எடுத்துக் கேமராவின் மேல் போட்டார். ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார். கழுத்தில் துணி கட்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இப்ப யாரும் கேக்கல. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"தலையைக் கொஞ்சம் குனிங்க சார்" என்றார் சலூன்காரர்.

துணை இயக்குநர் குனிந்தார். பெஞ்சில் இருந்தவர்களும், ஏதாவது காதில் விழாதா என்று, அவரோடு சேர்ந்து முன்னால் குனிந்தார்கள். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பெண் அப்படி என்னதான் சொன்னாள் என்று உங்களுக்கும் தோன்றினால், பெஞ்சின் ஓரத்தில் இன்னும் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது.